யார் சொன்னது, எப்போது சொன்னது? மனிதர்களின் பேச்சிலிருந்து கட்டுரை எழுதுவது எப்படி

கட்டுரை எழுத உட்காரும் நிறைய பேருக்கு முதலில் கைக்கு வருவது ஒரு பொன்மொழிதான். எங்கோ படித்தது, யாரோ அனுப்பியது, கேட்டதும் மனசில் ஒட்டிக்கொண்டது. அதை மேலே வைத்துவிட்டுக் கீழே விளக்கவுரை எழுத ஆரம்பிக்கிறார்கள், மூன்றாவது பத்தியில் கை நின்றுவிடுகிறது. நிற்கத்தான் செய்யும். சொல்லவேண்டியதை அந்த ஒரு வரியே சொல்லி முடித்துவிட்டது, உங்களுக்கென்று எதையும் மிச்சம் வைக்கவில்லை. ஆனால் அதே வரியை ஒருவர் உங்களிடம் நேரில் சொல்லியிருந்தால்? எந்த வேளையில் சொன்னார், எதற்காக உங்களிடம் சொன்னார், அவருக்கு அதை யார் சொன்னது, அது எப்போதாவது அவர் காலை வாரியதா என்று கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும். எழுதுவதற்கான சரக்கு அந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது.

இங்கே சொல்லப்போவதற்கெல்லாம் ஒரே உதாரணத்தை வைத்துக்கொள்வோம், கற்பனைதான். ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர், ரொம்ப வருஷம் இரவுப் பணி பார்த்தவர், பேச்சுவாக்கில் உங்களிடம் சொல்கிறார்: “ராத்திரி மூணு மணிக்கு யாரும் பொய் சொல்ல மாட்டாங்க.” நல்ல வரி. இதைத் தலைப்பாகப் போட்டு, உண்மை பேசுவதன் அருமை பெருமை என்று ஐநூறு வார்த்தை எழுதிவிடலாம், யாரும் கடைசிவரை படிக்கமாட்டார்கள். படிக்கிற மாதிரி ஆக வேண்டுமானால் வேலை நிறைய இருக்கிறது.

வரியை மட்டும் குறித்து வைக்காதீர்கள்

மேற்கோள் நோட்டு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் வரியையும் கீழே ஒரு பெயரையும் எழுதிவிட்டு மூடிவைக்கிறார்கள். ஆறு மாசம் கழித்துத் திறந்தால் எல்லா வரியும் ஒரே மாதிரி இருக்கும், எதைப் பார்த்தாலும் எழுதத் தோன்றாது. அதனால் ஒரு வரியைக் குறிக்கும்போதே அதைச் சுற்றி இருந்ததையும் குறியுங்கள். அதற்கு முன்னால் என்ன பேசிக்கொண்டிருந்தீர்கள், சொல்லும்போது அவர் கை என்ன செய்துகொண்டிருந்தது, சிரித்தாரா, உங்கள் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா வேறெங்கோ பார்த்தாரா, சொன்னபிறகு பேச்சு எங்கே போனது. கூடவே, அந்த நேரத்தில் நீங்கள் பதிலுக்கு என்ன சொல்ல நினைத்தீர்கள் என்பதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். மற்றதையெல்லாம் அவரிடமே திரும்பக் கேட்டுக்கொள்ளலாம், இதை யாரிடமும் கேட்க முடியாது.

இதை அன்று இரவே செய்துவிட வேண்டும். ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பாஸ்வெல் 1763 மே 16 அன்று லண்டனில் ஒரு புத்தகக் கடையில், ஆங்கில எழுத்தாளரும் அகராதி ஆசிரியருமான சாமுவேல் ஜான்சனை முதன்முதலாகச் சந்தித்தார். அப்போது பாஸ்வெலுக்கு 22 வயது, ஜான்சனுக்கு 53. அதற்குப் பிறகு ஜான்சன் பேசியதையெல்லாம் சுருக்கக் குறிப்புகளாக எழுதிவைத்து, பின்னால் அவற்றை விரித்து நாட்குறிப்பில் சேர்த்துக்கொண்டே வந்தார். அவர் எழுதிய ஜான்சனின் வாழ்க்கை வரலாறு 1791-இல்தான் வெளிவந்தது, ஜான்சன் இறந்து ஆறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அதில் ஜான்சன் நம் முன்னால் உட்கார்ந்து பேசுவதுபோல இருப்பதற்குக் காரணம் அந்தச் சுடச்சுட எழுதிய குறிப்புகள்தான். ஜான்சனின் பொன்மொழிகளை மட்டும் அவர் தொகுத்திருந்தால் அது இன்னொரு பொன்மொழித் தொகுப்பாகப் போயிருக்கும். ஜான்சன் எரிந்து விழுந்ததும், யாரை மட்டம் தட்டுவதற்காக அந்த வரியைச் சொன்னார் என்பதும் கூடவே இருப்பதால்தான் ஆள் உயிரோடு இருக்கிறார்.

சொல்லோடு சண்டை போடுங்கள்

பழைய நூல்களில் இருக்கும் அறிவுரைகளை எடுக்கவே கூடாதா என்றால், தாராளமாக எடுக்கலாம். ஆனால் அவற்றையும் ஒரு ஆள் எதிரே உட்கார்ந்து சொல்வதாக நினைத்துக்கொண்டு மல்லுக்கு நிற்க வேண்டும். இதற்கு மோந்தேன் ஒருவர் போதும். பதினாறாம் நூற்றாண்டு பிரெஞ்சுக்காரர், கட்டுரை என்ற வடிவத்துக்கே பெயர் வைத்தவர். தன் நூலக அறையின் உத்தரங்களில் கிரேக்க, லத்தீன் வாசகங்களை ஐம்பதுக்கும் மேல் எழுதிவைத்து, தலை நிமிர்ந்தால் ஏதாவது ஒன்று கண்ணில் படும்படி உட்கார்ந்து எழுதினார். எழுதியதைப் பார்த்தால் பாதிக்குப் பாதி அந்த வாசகங்களோடு வழக்காடுவதாக இருக்கிறது: நீங்கள் இப்படிச் சொல்கிறீர்கள், என் உடம்பு வேறு சொல்கிறதே, என் அனுபவம் வேறு மாதிரி இருந்ததே என்று.

அவருக்கு லா போயெசி என்று ஒரு நெருங்கிய நண்பர் இருந்தார். 1563-இல் இறந்துவிட்டார். அந்த நட்பைப் பற்றி எழுதிய கட்டுரை 1580-இல் அச்சானபோது, ஏன் அவரை அவ்வளவு நேசித்தேன் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது என்ற அளவில்தான் இருந்தது. 1588 பதிப்பின் தன் சொந்தப் பிரதியில், ஓரத்தில், கையால் ஒரு பதிலைச் சேர்த்தார்: அவர் அவராக இருந்ததால், நான் நானாக இருந்ததால். நண்பர் போய் இருபத்தைந்து வருஷத்துக்கு அப்புறம் வந்த வரி அது. இன்று உலகம் முழுக்க மேற்கோள் காட்டுகிறார்கள், ஆனால் முன்னால் இருக்கும் ‘சொல்ல முடியாது’ இல்லாமல் அதைத் தனியாக எடுத்தால் பாதி பலம் போய்விடும். அதனால் சொல்லத் தெரியாத இடம் வந்தால் தெரியவில்லை என்றே எழுதிவிட்டு மேலே போங்கள், அந்த இடத்தில் ஒரு பொன்மொழியைச் செருகி மூடாதீர்கள்.

நர்ஸ் சொன்ன வரிக்கு வருவோம். மூணு மணிக்குக்கூடப் பொய் சொல்பவர்கள் உண்டே? வலி இல்லை என்று பொய், வீட்டில் எல்லாரும் வந்து பார்க்கிறார்கள் என்று பொய். இந்த எதிர்வாதம் உங்களுக்குத் தோன்றிய நிமிஷத்தில்தான் கட்டுரை ஆரம்பிக்கிறது. அதை எடுத்துக்கொண்டு அவரிடமே போங்கள்.

போய் உட்காருங்கள், கேளுங்கள்

இந்தப் பகுதிதான் முக்கியம், நிறைய பேர் தவிர்க்கும் பகுதியும் இதுதான்.

மோசமான கேள்வி எது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்: “உங்கள் வாழ்க்கை உங்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் என்ன?” இதைக் கேட்டதும் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்கார்ந்து மேடைத் தமிழுக்கு மாறிவிடுவார். உழைப்பு, நேர்மை, பொறுமை. தப்பு அவர்மேல் இல்லை, பாடம் கேட்டால் பாடம்தான் வரும். அதற்குப் பதிலாகச் சின்னச் சின்ன விஷயமாகக் கேளுங்கள். வேலையில் சேர்ந்த முதல் வாரம் எப்படி இருந்தது, இரவுப் பணியில் எந்த நேரம் ரொம்பக் கஷ்டம், புதுசாக வருகிறவர்களுக்கு முதலில் எதைச் சொல்லிக்கொடுப்பீர்கள், அதை உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது. அப்புறம் ஒரு கேள்வி, கட்டாயம் கேட்க வேண்டியது: “நீங்க சொன்னீங்களே, அது சரிப்பட்டு வராம போன சமயம் உண்டா?” பல நேரம் அந்த ஒரு கேள்விக்கு வரும் பதில் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமாக இருக்கும். பழைய போட்டோ, வேலைக்குப் பயன்படுத்திய ஏதாவது பொருள், பழைய டைரி இருந்தால் எடுத்துவரச் சொல்லுங்கள். பொருளைக் கையில் எடுத்ததும் மனிதர்கள் பொதுவாகப் பேசுவதை விட்டுவிட்டு, அன்றைக்கு, அந்த அறையில் என்று குறிப்பாகப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

பதில் முடிந்த மாதிரி இருந்தால் உடனே அடுத்த கேள்விக்குத் தாவாதீர்கள். கொஞ்சம் சும்மா இருங்கள். சங்கடமாகத்தான் இருக்கும், அந்தச் சங்கடம் அவருக்கும் இருப்பதால் அவரே இன்னும் ஏதாவது சொல்வார், பெரும்பாலும் முதலில் சொன்னதைவிட உண்மையானதாக. உங்கள் சொந்தக் கதையைக் குறுக்கே விடும் பழக்கம் இருந்தால் அன்றைக்கு ஒரு நாள் அடக்கிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு: அவர் ரொம்ப நெருக்கமான ஒன்றைச் சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று தயங்கும்போது நீங்களும் உங்களுடையதில் கொஞ்சம் கொடுப்பதுதான் மரியாதை.

கூட யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். 2015-இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஸ்வெத்லானா அலெக்ஸியேவிச் இரண்டாம் உலகப் போரில் பங்கெடுத்த சோவியத் பெண்களை நூற்றுக்கணக்கில் சந்தித்துப் பேசி எழுதியவர். பக்கத்தில் கணவர் இருந்தால் அந்தப் பெண்கள் போரின் அதிகாரபூர்வக் கதையைச் சொன்னதையும், தனியாக இருந்தால் வேறொரு போரைச் சொன்னதையும் அவரே எழுதியிருக்கிறார். பேட்டியின்போது பிள்ளைகளோ கணவரோ பழைய மேலதிகாரியோ அதே அறையில் இருந்தால், குறிப்பில் அதையும் எழுதுங்கள், முடிந்தால் இன்னொரு நாள் தனியாகப் போய்ப் பாருங்கள். பொதுவாகவே ஒரே சந்திப்பில் வேலை முடியாது. முதல் தடவை அவர் உங்களை எடைபோட்டுக்கொண்டிருப்பார், இரண்டாவது தடவைதான் பேசவே ஆரம்பிப்பார்.

சில சமயம் எதிரே இருப்பவர் கேட்கும் கேள்விதான் எழுத்தாளரையே உருவாக்குகிறது. உ.வே.சாமிநாதையர் 1880 அக்டோபர் 21 அன்று, கும்பகோணத்தில் முன்சீபாக (நீதிபதியாக) இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று அடுக்கிக்கொண்டே போனார். இவையெல்லாம் படித்து என்ன பயன் என்ற தோரணையில் முதலியார் விட்டேற்றியாகப் பேசிவிட்டு, சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம், மணிமேகலை என்று கேட்டார். படித்ததில்லை. அந்தச் சந்திப்பின் விளைவு 1887-இல் அச்சான சீவக சிந்தாமணிப் பதிப்பு, அதன்பின் ஒரு வாழ்நாள் வேலை. நமக்கு இங்கே வேண்டிய விஷயம் வேறு: அறுபது வருஷம் கழித்துத் தன் சரித்திரத்தை எழுதும்போது அவர் அந்த உரையாடலைக் கேள்வி கேள்வியாக, தன் முகம் தொங்கிப்போனது உட்பட, விடாமல் எழுதியிருக்கிறார். ‘ஒரு பெரியவர் எனக்கு வழிகாட்டினார்’ என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். முடித்திருந்தால் இன்று யாருக்கும் அது ஞாபகம் இருந்திருக்காது.

ஒலிப்பதிவு, அனுமதி, எழுதியெடுப்பது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதிவு செய்யும் முன் கேளுங்கள், அவர் சரி என்று சொல்வதையும் பதிவிலேயே வாங்கிவிடுங்கள். எல்லார் சம்மதமும் இல்லாமல் பதிவு செய்வது சில இடங்களில் சட்டப்படியே குற்றம். போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். பதிவு ஓடினாலும் நோட்டில் எழுதுங்கள், ஏனென்றால் அவர் கை அசைவு பதிவில் விழாது. ஒரு மணி நேரப் பேச்சைக் கையால் எழுதியெடுக்க சாதாரணமாக நாலு மணி நேரம் பிடிக்கும். செயலிகள் இப்போது சீக்கிரம் செய்து தருகின்றன, ஆனால் வட்டார வழக்கிலும் ஆள் பெயர்களிலும் எண்களிலும் அவற்றை நம்பாதீர்கள், திரும்ப ஒருமுறை காதால் கேட்டுச் சரிபாருங்கள். நான் என்றால் முக்கியமான பகுதிகளையாவது கையால்தான் எழுதியெடுப்பேன். அவர் எங்கே இழுத்தார், எங்கே ஒரு சொல்லை விழுங்கினார் என்பது அப்போதுதான் தெரிகிறது.

சொன்னது உண்மையா

‘எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் அப்பொருள் மெய்ப்பொருள் காண்ப தறிவு’ என்கிறாரே வள்ளுவர், யார் சொன்னது என்று நீ எதற்கு இவ்வளவு பார்க்கிறாய் என்று இங்கே ஒருவர் மடக்கலாம். நியாயமான கேள்வி. ஒரு கருத்து சரியா தவறா என்று தீர்மானிக்க, சொன்னவர் யார் என்பது வேண்டியதில்லைதான். அந்தக் கருத்தை ஒரு மனிதர் எப்படி வந்தடைந்தார் என்று எழுத அவர் யார் என்பது வேண்டும். குறளின் பின்பாதி நமக்கு இட்ட வேலை: பிடித்தவர் சொன்னாலும் சரிபார்.

பிடித்தவர் சொல்வதை ஏன் சரிபார்க்க வேண்டும்? நினைவு அப்படிப்பட்டது. 1986-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை உல்ரிக் நெய்ஸர் என்ற உளவியலாளர் தன் மாணவர்களிடம், செய்தியை எங்கே எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டார். இரண்டரை வருஷம் கழித்து அதே ஆட்களிடம் அதே கேள்வி. நிறைய பேர் சொன்னது முன்பு எழுதியதோடு ஒட்டவே இல்லை, ஆனால் தங்கள் நினைவு சரி என்று உறுதியாக இருந்தார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஆகவே நர்ஸ் சொல்லும் வருஷம், பெயர், எண், இடம் எல்லாவற்றையும் வேறொரு வழியில் பாருங்கள்: பணிப் பதிவு, அந்தக் காலத்துச் செய்தித்தாள், கூட வேலை செய்த இன்னொருவர். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் ஒன்றைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், இருவரும் சொன்னதை அப்படியே வையுங்கள். வாசகருக்கு அதைத் தாங்கும் சக்தி உண்டு.

நூல் மேற்கோள்களில் இதைவிட மோசம். ‘உன் கருத்தை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமையை உயிரைக் கொடுத்தாவது காப்பேன்’ என்பது பிரெஞ்சுச் சிந்தனையாளர் வால்டேர் சொன்னதாகப் போகாத இடமில்லை. வால்டேரின் மனப்போக்கைச் சுருக்கிச் சொல்வதற்காக ஈவ்லின் பியாட்ரிஸ் ஹால் என்பவர் 1906-இல் வெளியான தன் நூலில் எழுதிய வரி அது, வால்டேர் இறந்து 128 வருஷம் கழித்து. இதில் ஒரு வேடிக்கை, உண்மையில் எழுதியவர் பெயரைப் போட்டால் வரிக்கு ஒன்றும் குறைந்துவிடாது, பெரிய பெயர் இல்லையே என்று நாம்தான் தயங்குகிறோம். மூல நூலில் எந்த இடத்தில் வருகிறது என்று உங்களால் காட்ட முடியாத மேற்கோளை விட்டுவிடுங்கள். உங்கள் நர்ஸ் சொன்ன வரி உங்களிடம் பதிவிலேயே இருக்கிறது, அது போதும்.

எழுதும்போது

வரியை எங்கே வைப்பது என்பதில்தான் பாதிக் கட்டுரைகள் கெடுகின்றன. முதல் வரியாக வைத்தால் மீதி எல்லாம் அதற்கு உரை ஆகிவிடும், கடைசி வரியாக வைத்தால் நீதிக்கதை ஆகிவிடும். என் பழக்கம், முதல் மூன்றில் ஒரு பங்குக்குள் எங்காவது, ஒரு காட்சிக்கு நடுவில், பெரிதாகக் கொடி பிடிக்காமல் சொல்லவிட்டுவிடுவது. வார்டு, கடிகாரம், தூங்காமல் புரளும் நோயாளி, கட்டில் ஓரத்தில் நிற்கும் நர்ஸ். அங்கே அந்த வரி வரட்டும். அப்புறம் அந்த வரி பொய்த்துப்போன இரவு வரட்டும். அதன்பிறகு அவர் ஏன் இன்னும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பது வரட்டும். அவர் வாயிலிருந்து கிடைக்காத விளக்கத்தை நீங்களாக இட்டுக்கட்டாதீர்கள். அவர் மனதில் என்ன ஓடியது என்று எழுதவேண்டுமானால், அவர் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

பேச்சுத்தமிழை அப்படியே போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. முழுப் பேட்டியையும் பேச்சுவழக்கில் போட்டால் படிப்பவருக்கு மூச்சுத் திணறும், முழுக்க எழுத்துத்தமிழாக மாற்றினால் எல்லா மனிதரும் ஒரே ஆசிரியரிடம் படித்தவர் மாதிரி பேசுவார்கள். நர்ஸின் வரியை ‘இரவு மூன்று மணிக்கு எவரும் பொய்யுரைப்பதில்லை’ என்று மாற்றிப் பாருங்கள், செத்துப்போய்விடுகிறது. செய்தியாக உள்ளதை உங்கள் நடையில் சுருக்கிச் சொல்லுங்கள், குணம் தெரியும் இடத்தில் மட்டும் அவர் குரலை மேற்கோள் குறிக்குள் அவர் சொன்னபடியே விடுங்கள். வேடிக்கைக்காக உச்சரிப்பைக் கொச்சையாக எழுதிக் காட்டுவது மட்டும் வேண்டாம். அதைப் படிக்கும்போது அவருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தால் போதும்.

இன்னொன்று, அவரைத் தெய்வமாக்காதீர்கள். மனசுக்கு நெருங்கியவர்களைப் பற்றி எழுதும்போது கை தானாகவே மாலை கட்ட ஆரம்பித்துவிடும். அவருடைய பிடிவாதம், அவர் ஒருவரிடம் நியாயமில்லாமல் நடந்துகொண்டதாக அவரே சொன்னது, இவற்றுக்கும் இடம் கொடுத்தால்தான் அவருடைய நல்ல சொல்லை வாசகர் நம்புவார்.

எழுதி முடித்தபின்

அச்சுக்குப் போகும் முன் அவர் சொன்னதாக நீங்கள் மேற்கோள் குறிக்குள் போட்டிருப்பதை அவரிடம் வாசித்துக் காட்டுங்கள். செய்தித்துறையில் இதைச் செய்வதில்லை என்று சிலர் சொல்வார்கள், அதிகாரத்தில் இருப்பவர்களைப் பற்றி எழுதும்போது அந்த விதி சரி. தன் வாழ்க்கையைத் திறந்துகாட்டிய ஒரு சாதாரண மனிதரிடம் அதே விதியைக் காட்டுவது எனக்கு ஏற்பில்லை. தகவல் தப்பு என்றால் திருத்துங்கள். இது வெளியே வரவேண்டாம் என்றால், அது கட்டுரைக்கு எவ்வளவு வேண்டியிருக்கிறது, அவருக்கு எவ்வளவு சேதம் என்று இரண்டையும் எடைபோடுங்கள், சேதம் பெரிது என்றால் விட்டுவிடுங்கள். “நான் இப்படிச் சொல்லவே இல்லை” என்று பதிவில் இருப்பதையே மறுத்தால், பதிவைப் போட்டுக் காட்டிவிட்டு, இப்போது எப்படிச் சொல்வீர்கள் என்று கேளுங்கள். சில சமயம் அப்போது வரும் வரி முதல் வரியைவிட நன்றாக இருக்கும். அவர் கதையில் வரும் மூன்றாம் மனிதர்களின், முக்கியமாக நோயாளிகளின், பெயரும் அடையாளமும் வெளியே தெரியாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பெயரை மாற்றியிருந்தால் மாற்றியிருக்கிறேன் என்று கட்டுரையில் ஒரு வரி போட்டுவிட வேண்டும்.

அப்புறம், கிளம்பும்போது கேட்க ஒரு கேள்வி: “இதைப் பத்தி நான் வேற யார்கிட்ட பேசணும்?” அவர் ஒரு பெயரைச் சொல்வார், அநேகமாகத் தன்னோடு ஒத்துப்போகாத ஒருவர் பெயரை. நேராக அவரிடம் போங்கள்.